பனியின் தலையில் பழியைப் போடாதீர்கள்

காலநிலை மாற்றத்தைப் பற்றித் தமிழில் எழுதும் இதழாளர்களுக்கும், வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும்,

ஐரோப்பாவின் சிறு பனியுகத்தைப் பற்றி நீங்கள் எழுதும்போதும் வகுப்பில் சொல்லும்போதும் சூனிய வேட்டை தவறாமல் இடம்பெறுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குளிர் கூடியது, ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் கீழிறங்கி வந்தன, விளைச்சல் பொய்த்தது, பசியால் வெறிகொண்ட மக்கள் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களை எரித்தார்கள். சில வரிகளில் கதை முடிந்துவிடுகிறது. குளிரும் பனியாறும் விளைச்சலும் சரி. கடைசி வரியோடுதான் எனக்குப் பிணக்கு. பசிக்கும் தீக்கும் இடையில் நடந்த அத்தனையும் அந்த ஒரு வரியில் மறைந்துபோகிறது. மூன்று நூற்றாண்டுகளில் 40,000 முதல் 60,000 பேர் வரை இந்தக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் பெண்கள். பெரும்பாலோர் கும்பலின் கையில் சாகவில்லை. அவர்கள்மீது வழக்கு நடந்தது, வாக்குமூலம் எழுதப்பட்டது, தீர்ப்பு வாசிக்கப்பட்டது. விசாரித்தவர்களுக்குப் பதவி இருந்தது, எழுதியவர்களுக்குக் கூலி கிடைத்தது, ஆட்சியாளர் ஒப்புதல் தந்தார். வானிலையைக் கொலையாளி ஆக்கும்போது, நீங்கள் எண்ணாமலே இவர்கள் எல்லோரையும் விடுவித்துவிடுகிறீர்கள். அதைப் பேசத்தான் இந்த மடல்.

காலநிலைக்கும் சூனிய வேட்டைக்கும் தொடர்பில்லை என்று நான் வாதிட வரவில்லை. தொடர்பு உண்டு. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் வோல்ஃப்காங் பேரிங்கர் 1990களில் அதை ஆவணங்களைக் கொண்டு விரிவாக எடுத்துவைத்தார். திராட்சை அறுவடைத் தேதிகள் போன்ற பழைய பதிவுகளிலிருந்து ஒவ்வோர் ஆண்டின் வானிலையையும் மீட்டெடுத்த சுவிஸ் ஆய்வாளர் கிறிஸ்டியான் ஃபிஸ்டரின் உழைப்பு அதற்குத் துணையாக நின்றது. 1560 முதல் 1630 வரையிலான கடுங்குளிர்க் காலமும் மத்திய ஐரோப்பாவில் வேட்டை உச்சத்தைத் தொட்ட காலமும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. காலம் ஒத்துப்போவதைவிட வலுவான சான்று குற்றச்சாட்டுகளிலேயே இருக்கிறது. ஆலங்கட்டி மழையை வரவழைத்தாய், உறைபனியை இறக்கினாய், திராட்சைக் கொடியைக் கருக்கினாய் என்றுதான் அந்தப் பெண்களிடம் கேட்டார்கள். ஆலங்கட்டியின் இயல்பை இங்கே கவனியுங்கள். அது ஓர் ஊரின் கதிரை அடித்து நொறுக்கிவிட்டுப் பக்கத்து ஊரைத் தொடாமல் போய்விடும். வறட்சி எல்லோருக்கும் பொதுவாக வருகிறது; கல்மழையோ ‘எங்களுக்கு மட்டும் ஏன்?’ என்ற கேள்வியை எழுப்பிவிட்டுப் போகிறது. மோசெல், மைன் ஆற்றங்கரைக் குடியானவர்கள் திராட்சையை நம்பி வாழ்ந்தவர்கள். மது விற்ற காசில் தானியம் வாங்கினார்கள். மே மாதத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் ஆண்டு வருமானம் முழுவதும் போயிற்று. ஆட்சியாளரின் கருவூலமும் அதே கொடிகளை நம்பியிருந்தது. ஆகவே குடியானவனும் ஆட்சியாளனும் ஒரே இரவில் நட்டப்பட்டார்கள். காலநிலை இதுவரை கூட்டிவருகிறது. இதற்குமேல் கூட்டிவந்தது யார் என்பதுதான் நீங்கள் எழுதாமல் விடும் பகுதி.

1562 ஆகஸ்ட் 3 அன்று தென்மேற்கு ஜெர்மனியில் பெரும் ஆலங்கட்டிப் புயல் வீசியது. பயிரும் கொடியும் நாசமாயின. அந்தப் புயல் எஸ்லிங்கன் நகரத்தையும் தாக்கியது, அதற்கு அருகே இருந்த வீசென்ஷ்டைக் என்ற சிறு ஆட்சிப் பகுதியையும் தாக்கியது. எஸ்லிங்கனில் தாமஸ் நவோகியோர்குஸ் என்ற போதகர் சூனியக்காரிகள்தான் காரணம் என்று பிரசங்கம் செய்தார். நகர மன்றம் மூன்று பெண்களைப் பிடித்தது, விசாரித்தது, கடைசியில் விட்டுவிட்டது. வீசென்ஷ்டைக்கின் ஆட்சியாளரான ஹெல்ஃபென்ஷ்டைன் பிரபு உல்ரிச் வேறு வழியில் போனார். கைது, சித்திரவதை, வாக்குமூலம், அந்த வாக்குமூலத்தில் வரும் பெயர்களைப் பிடித்து மீண்டும் கைது என்று அங்கே வழக்கு வளர்ந்துகொண்டே போயிற்று. 1563இல் வெளிவந்த ஒரு செய்திப் பிரசுரம் அங்கே கொல்லப்பட்ட பெண்கள் 63 பேர் என்று அறிவித்தது. ஒரே புயல், ஒரே மொழி பேசும் மக்கள், ஒரே விளைநிலம். ஓரிடத்தில் மூவரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். மற்ற இடத்தில் வரிசை வரிசையாக எரித்தார்கள். இதைக் குளிரால் எப்படி விளக்குவீர்கள்? அதே 1562இல் ஸ்டுட்கார்ட்டின் மறையுரையாளர்கள் மத்தேயுஸ் ஆல்பர், வில்ஹெல்ம் பிடெம்பாக் ஆகியோர் ஆலங்கட்டி ஆண்டவன் அனுப்புவது, அதை வரவழைக்க எந்தக் கிழவிக்கும் சக்தியில்லை என்று பிரசங்கித்து, அதை அச்சிட்டும் வெளியிட்டார்கள். அவர்கள் நம் காலத்துப் பகுத்தறிவாளர்கள் அல்லர். பிசாசோடு ஒப்பந்தம் செய்தவர்களைத் தண்டிக்கலாம் என்ற கருத்து அந்த வட்டாரத்து இறையியலாளர்களிடம் இருந்தது. ஆனாலும் கல்மழைக்குப் பெண்ணைப் பிடிக்காதே என்று சொல்ல அவர்களுக்கு வானிலை அறிவியல் தேவைப்படவில்லை. அந்தக் காலத்து மனிதர்களுக்கு வேறு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை என்று நீங்கள் எழுதும்போது இவர்களையும் சேர்த்து மறந்துவிடுகிறீர்கள்.

இந்த நம்பிக்கை சிறு பனியுகத்தில் பிறந்ததும் அல்ல. ஏறத்தாழ 815ஆம் ஆண்டிலேயே லியோன் நகரப் பேராயர் அகோபார்ட், புயலையும் ஆலங்கட்டியையும் மனிதர்கள் மந்திரத்தால் வரவழைக்கிறார்கள் என்று ஊரார் நம்புவதைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். மேகத்தில் மிதக்கும் கப்பல்களிலிருந்து விழுந்தவர்கள் என்று சொல்லி நான்கு பேரைக் கட்டிவைத்துக் கல்லால் அடிக்கக் கூட்டம் தயாராக இருந்தபோது, நீண்ட நேரம் வாதாடி அவர்களைக் காப்பாற்றியதாகவும் அதில் பதிவு செய்திருக்கிறார். நம்பிக்கையும் இருந்தது, கோபமும் இருந்தது, கல்லும் கையில் இருந்தது. அதிகாரம் குறுக்கே நின்றதால் நால்வரும் தப்பினார்கள். பிற்காலத்தில் மாறியது அந்த அதிகாரத்தின் நிலைதான். 1484இல் எட்டாம் இன்னசென்ட் போப்பின் ஆணை, பயிரையும் திராட்சையையும் சூனியத்தால் அழிக்கும் ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள் என்று ஏற்றுக்கொண்டது. 1532இல் புனித ரோமானியப் பேரரசின் குற்றவியல் சட்டமான கரோலினா, சூனியத்தால் தீங்கு செய்தவர்களுக்கு மரண தண்டனையை எழுதிவைத்தது. வாக்குமூலம் பெறச் சித்திரவதையையும் அனுமதித்தது. சித்திரவதைக்கு அந்தச் சட்டம் சில வரம்புகளையும் விதித்திருந்தது. வேட்டை பெருகிய இடங்களில் முதலில் மீறப்பட்டவை அந்த வரம்புகள்.

ஜெர்மனியின் ட்ரியர் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1580களில் அங்கே ஆண்டுக்கு ஆண்டு விளைச்சல் கெட்டது. அதைப் பதிவு செய்தவர் புனித சிமியோன் ஆலயத்தைச் சேர்ந்த யோஹான் லிண்டன், நேரில் கண்டவர். விளைச்சல் இல்லாத தொடர் ஆண்டுகளுக்குச் சூனியக்காரிகளே காரணம் என்று மக்கள் நம்பியதால் நாடே அவர்களுக்கு எதிராகக் கிளம்பியது என்று அவர் எழுதினார். நீங்கள் எடுத்தாளும் சான்று இது, சரியான சான்றுதான். ஆனால் லிண்டன் அங்கே நிறுத்தவில்லை. 1587 முதல் 1593 வரை ஏறத்தாழ இருபது கிராமங்களில் 368 பேர் எரிக்கப்பட்டதை அவர் குறிக்கிறார். எழுத்தர்களும் விடுதிக்காரர்களும் பணக்காரர்களானதையும், மரண தண்டனை நிறைவேற்றுபவன் பிரபுவைப்போல் பொன்னும் வெள்ளியும் பூண்டு நல்ல குதிரையில் போனதையும், கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் நாடுகடத்தப்பட்டுச் சொத்துகள் பறிக்கப்பட்டதையும் எழுதுகிறார். கடைசியில் மக்கள் ஏழைகளானார்கள், விசாரணைக் கட்டணங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது, உடனே வேட்டைக்காரர்களின் வேகம் அடங்கிப்போயிற்று என்றும் அவர் சொல்கிறார். விளைச்சல் திரும்பியதால் தீ அணைந்தது என்று அவர் சொல்லவில்லை. காசு வற்றியதால் அணைந்தது என்கிறார். இதற்கிடையில் வழக்குகளில் தயக்கம் காட்டிய நீதிபதி டீட்ரிச் ஃப்ளாடே 1589இல் தாமே சூனியக்காரர் என்று தண்டிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். எதிர்த்து எழுதிய கொர்னேலியுஸ் லோஸின் கையெழுத்துப் படியைப் பறித்து, அவரைச் சிறையிலிட்டு, மறுப்பு எழுதி வாங்கினார்கள். ஒரு நீதிபதியை எரிக்கவும் ஓர் அறிஞரின் வாயை அடைக்கவும் வேண்டியிருந்தது என்றால், அந்தப் பாதை தானாக நடந்த பாதை அல்ல.

பாம்பெர்கில் நடந்ததும் இதுதான். 1626 மே மாத இறுதியில் ஃபிராங்கோனியா முழுவதும் கடும் உறைபனி விழுந்து திராட்சையும் தானியப் பயிரும் கருகின. பருவம் தப்பிய அந்தப் பனியே அடுத்து வந்த விசாரணைகளில் குற்றச்சாட்டு ஆயிற்று. மறை ஆயர் பதவியையும் நாட்டின் ஆட்சியையும் ஒருங்கே வகித்த யோஹான் கியோர்க் ஃபுக்ஸ் ஃபொன் டோர்ன்ஹைம் 1627இல் சூனியக் கைதிகளுக்கென்றே தனிச் சிறை ஒன்றைக் கட்டினார். உறைபனி சில நாள் விழுந்தது. சிறை கட்டத் திட்டம் வேண்டும், பணம் வேண்டும், ஆணை வேண்டும். 1628இல் நகரத்தின் மேயராக இருந்த யோஹானஸ் யூனியுஸ் அங்கே சித்திரவதைக்கு ஆளானார். நான் குற்றமற்றவன், வலி தாங்காமல் கற்பனையாக ஒப்புக்கொண்டேன் என்று நசுங்கிய கைகளால் மகள் வெரோனிகாவுக்குப் பல நாட்களாகக் கடிதம் எழுதினார். நீங்கள் அந்தக் கடிதத்தை வகுப்பில் பேசுங்கள். சாட்சிகள் தங்களுக்கும் வேறு வழியில்லாமல்தான் தன் பெயரைச் சொன்னார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னும் யார் யார் என்று கேட்டுத் தெருத் தெருவாகத் தன்னிடம் பெயர் பிடுங்கினார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஒரு கல்மழையிலிருந்து பல நூறு மரணங்கள் எப்படி வரும் என்ற கேள்விக்கான விடை அந்தச் சித்திரவதை அறையில் இருக்கிறது. பாம்பெர்க் வேட்டை 1631 வாக்கில் நின்றது. பேரரசரின் நீதிமன்றம் தலையிட்டதும் ஸ்வீடன் படை நெருங்கியதும் அதை நிறுத்தின. குளிர் அப்போதும் விட்டிருக்கவில்லை. அதே 1631இல்தான் ஃப்ரீட்ரிச் ஷ்பே என்ற இயேசு சபைத் துறவி, சித்திரவதை இருக்கும்வரை சூனியக்காரிகளுக்குப் பஞ்சமே வராது என்ற வாதத்தை முன்வைத்த தம் நூலைப் பெயர் போடாமல் வெளியிட்டார்.

உங்களில் சிலர் எதிர்த்திசையிலிருந்து மறுப்பீர்கள். பொருளியலாளர்கள் பீட்டர் லீசனும் ஜேக்கப் ரஸ்ஸும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, 21 ஐரோப்பிய நாடுகளில் வழக்குக்கு ஆளான 43,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டியது. கத்தோலிக்கத் திருச்சபையும் சீர்திருத்தத் திருச்சபைகளும் ஒரே மக்களுக்காகப் போட்டியிட்ட இடங்களில்தான் வேட்டை கடுமையாக இருந்தது, வானிலைக்கு அதில் பெரிய பங்கில்லை என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் காலநிலைக் கதையையே கைவிட வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். வெப்பநிலையைப் பெரும் பரப்புக்குச் சராசரியாக எடுத்தால் வீசென்ஷ்டைக்கின் ஒரு நாள் கல்மழை அதில் தெரியாது. மே மாதத்தின் சில இரவுகளும் ஆண்டுச் சராசரியில் கரைந்துபோகும். வாக்குமூலங்களிலோ அவை பக்கம் பக்கமாக இருக்கின்றன. எனினும் அந்த ஆய்வை நான் ஒதுக்கிவிடவில்லை. ஒரே குளிர் எல்லா நாட்டிலும் ஒரே விளைவைத் தரவில்லை என்று அது காட்டுவது சரி. நெதர்லாந்துக் குடியரசும் அதே குளிரில்தான் நடுங்கியது, அதன் கால்வாய்களும் உறைந்தன. ஆனால் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே சூனியத்துக்கான மரண தண்டனைகள் நின்றுவிட்டன. ஹைடல்பெர்கிலிருந்து ஆண்ட பாலட்டினேட் அரசும் சூனியத்துக்காக எரிக்க மறுத்தது. வானிலை இவர்களுக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. எரிக்கச் சொன்னதே மக்கள்தானே, ஆட்சியாளர்கள் அழுத்தத்துக்குப் பணிந்தார்கள் என்றுதானே ஆவணங்கள் சொல்கின்றன? ஆம், சொல்கின்றன. ட்ரியர் பகுதியில் கிராமத்தார் தாங்களாகவே குழு அமைத்துச் சாட்சி திரட்டினார்கள், செலவுக்குப் பணம் பிரித்தார்கள். துயரத்தில் இருக்கும் மக்கள் கொடுமை செய்ய மாட்டார்கள் என்று நாம் எழுதினால் அது பொய். ஆனால் 1591 டிசம்பரில் அதே ட்ரியரை ஆண்ட பேராயர் யோஹான் அந்தக் கிராமக் குழுக்களைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். முடியாது என்றிருந்த ஒன்று, முடியும் என்று தெரிந்தது. ஸ்பெயினிலும் மக்கள் அழுத்தம் இருந்தது. 1610இல் லொக்ரோனோவில் சூனியக் குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரை உயிரோடு எரித்த பிறகு, மதவிசாரணை மன்ற அதிகாரி அலொன்சோ டி சலசார் பாஸ்க் நாட்டுக் கிராமங்களுக்கு நேரில் போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைப் பதிந்து, ஒன்றுக்கும் ஆதாரமில்லை, பேச்சும் பிரசங்கமும்தான் இதைப் பெருக்கின என்று அறிக்கை தந்தார். 1614இல் அவருடைய தலைமைப் பீடம் விதிகளை இறுக்கியது; எரிப்பு நின்றது. மக்களின் கோபம் உண்மை. அதற்குக் கதவு திறந்துவிடுவதும் சாத்துவதும் அதிகாரத்தின் கையில் இருந்தது என்பதும் உண்மை.

வானிலையே கொலையாளி என்பவர்களிடம் 1816ஆம் ஆண்டைக் காட்டுங்கள். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. தென்மேற்கு ஜெர்மனியில் பயிர் அழுகியது, தானிய விலை எகிறியது, பிச்சையெடுத்தவர்கள் சாலைகளில் நிறைந்தார்கள். வீசென்ஷ்டைக்கும் எஸ்லிங்கனும் அப்போது வூர்ட்டம்பெர்க் அரசில் இருந்தன. யாரும் எரிக்கப்படவில்லை. ஐரோப்பாவில் சட்டப்படி நடந்த கடைசித் தண்டனைகளில் ஒன்றாக 1782இல் சுவிட்சர்லாந்தின் கிளாரஸில் ஆன்னா கோல்டியின் தலை வெட்டப்பட்ட பிறகு, அந்தச் சட்டக் கதவு சாத்தப்பட்டிருந்தது. வூர்ட்டம்பெர்க் அரசர் முதலாம் வில்ஹெல்ம் 1818இல் ஹோஹன்ஹைமில் வேளாண் கல்விக்கூடத்தை நிறுவினார். அரசி கத்தரீனா ஏழைகளுக்கான நிவாரண அமைப்பைத் தொடங்கினார். அதற்காக மனிதர்கள் திருந்திவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். பஞ்ச காலத்தில் யூதத் தானிய வியாபாரிகள்மீது வசை பொழியப்பட்டது. 1819இல் யூதர்களுக்கு எதிரான கலவரங்கள் ஜெர்மன் நகரங்களில் பரவின. அவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. அவை தொடங்கிய ஊர், 1620களில் நூற்றுக்கணக்கானோரை எரித்த அதே வூர்ட்ஸ்பர்க். பழி தேடும் பழக்கம் மிஞ்சியிருந்தது. அதற்கு நீதிமன்றம் என்ற கருவி மட்டும் கிடைக்கவில்லை.

இவ்வளவு நுணுக்கம் சொன்னால் காலநிலை ஆபத்தின் கூர்மை மழுங்கிவிடும், வாசகருக்கு நேரடியான எச்சரிக்கைதான் வேண்டும் என்று உங்களில் பலர் நினைப்பதை நான் அறிவேன். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. குளிரோ வறட்சியோ வந்தால் மனிதர்கள் கொல்வார்கள் என்று மட்டும் சொன்னால், கேட்பவருக்கு அஞ்சுவதைத் தவிரச் செய்ய ஒன்றுமில்லை. தான்சானியாவின் மேயாட்டு மாவட்டத்தில் எட்வர்ட் மிகேல் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, மழை மிகக் குறைந்த அல்லது மிகக் கூடிய ஆண்டுகளில் சூனியக்காரிகள் என்று சொல்லிக் கொல்லப்படுவோரின் எண்ணிக்கை மற்ற ஆண்டுகளைப்போல இருமடங்காவதைக் காட்டியது. மற்ற கொலைகள் அப்படிக் கூடவில்லை. இறந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களின் வயதான பெண்கள். அங்கே எரிக்கச் சொன்ன சட்டம் இல்லை, எனவே உன் வாதம் பொருந்தாதே என்று கேட்கலாம். அங்கே காப்பாற்ற வேண்டிய ஏற்பாடு வராமல் இருந்தது. மிகேலும் முதியோர் ஓய்வூதியத்தையும் பயிர் இழப்புக்கான காப்பீட்டையும் தீர்வுகளாக முன்வைத்தார். வீட்டுக்குச் சிறு தொகையைக் கொண்டுவரும் பாட்டியைப் பாரம் என்று கருதுவது கடினம். பீகார் 1999இலும் ஜார்கண்ட் 2001இலும் சத்தீஸ்கர் 2005இலும் ஒடிசா 2013இலும் சூனிய முத்திரைக்கு எதிராகச் சட்டம் இயற்றின. ராஜஸ்தானும் அசாமும் 2015இல் இயற்றின. நம் நாட்டிலேயே இதற்குத் தனிச்சட்டங்கள் தேவைப்பட்டன என்பதால் இது முடிந்துபோன ஐரோப்பியக் கதை அல்ல.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சிறு பனியுகத்தைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, குளிர் கொன்றது என்றோ பஞ்சம் எரித்தது என்றோ எழுதாதீர்கள்; யார் கைது செய்தார், எந்தச் சட்டத்தின்கீழ், யாருடைய ஆணையில் என்று எழுவாயோடு எழுதுங்கள். வீசென்ஷ்டைக்கைச் சொல்லும் அதே பத்தியில் எஸ்லிங்கனையும் சொல்லுங்கள். யூனியுஸையும் ஃப்ளாடேயையும் சலசாரையும் பெயர் சொல்லிக் கற்பியுங்கள், ஆசிரியர்களே. பாடநூல் அவர்களுக்கு இடம் தராவிட்டாலும் உங்கள் வகுப்பு தரலாம். இதழாளர்களே, வறட்சியையோ வெள்ளத்தையோ பற்றிச் செய்தி எழுதப் போகும்போது மழை அளவையும் பயிர்ச்சேதத்தையும் கேட்பதோடு, அந்த ஊரில் பழி இப்போது யார்மேல் சுமத்தப்படுகிறது என்றும் கேளுங்கள். தனியாக வாழும் முதியவள்மீதா, வெளியூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளிமீதா, வேறு மதத்தவர்மீதா என்று விசாரியுங்கள். புகார் வந்தால் காவல் நிலையம் அதைப் பதிவு செய்கிறதா, அந்த முதியவளுக்கு ஓய்வூதியம் கைக்கு வந்து சேர்கிறதா, பயிர்க் காப்பீட்டுத் தொகை எந்த மாதத்தில் வந்தது என்று பாருங்கள். அந்த விவரங்களுக்கு உங்கள் பத்திரிகை இடம் ஒதுக்கவில்லை என்றால் ஆசிரியரிடம் வாதாடி வாங்குங்கள்.